சுரைக்காய் புறம்போக்கு

ரோஜாச் செடிக்கு சர்வே நம்பர் போட்ட மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது நாங்கள் செய்த புண்ணியமா பாவமா என்று இன்னும் முடிவாகவில்லை. நாங்கள் அவரை அடங்கல் சார் என்போம்.

அடங்கல் என்பது கிராமக் கணக்கு. எந்த நம்பர் வயலில் யார் இந்த வருஷம் என்ன பயிர் வைத்திருக்கிறார் என்று எழுதி வைக்கும் நோட்டு. வலங்கைமான், நன்னிலம் பக்கத்துக் கிராமங்களில் வி.ஏ.ஓ.வாக இருந்து முப்பது வருஷம் அதை எழுதியவர், ஓய்வு பெற்றதும் தஞ்சாவூரில் எங்கள் தெருக்கோடி அபார்ட்மெண்டுக்குக் குடி வந்தார். இரண்டாவது மாடி, பால்கனிகூடக் கிடையாது. வந்த மறுவாரமே எங்கள் மாடித்தோட்டச் சங்கத்தில் சேர வேண்டும் என்று வந்து நின்றார். நான்தான் செயலாளர். சேர்க்கை ஃபாரத்தை எடுத்தேன்.

"வீட்ல என்னென்ன செடி சார் வெச்சிருக்கீங்க?"

"ஒண்ணும் இல்லைம்மா. நான் வெச்சா பிழைக்காது."

"அப்ப சங்கத்துல சேர்ந்து என்ன பண்ணப் போறீங்க?"

"நீங்கல்லாம் வெச்சிருக்கீங்கள்ல. அதுக்கு யாராவது கணக்கு எழுத வேணாமா?"

வேணாம் என்று அப்போதே சொல்லியிருக்கலாம். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்த அவசரத்தில் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் நீள நோட்டு, கையில் டேப், குடை. "பயிராய்வுக்கு வந்திருக்கேன்" என்றார். நான் நைட்டியோடு நிற்கிறேன், மனுஷர் மாடிப்படி ஏறிக்கொண்டிருக்கிறார். தொட்டி தொட்டியாக நம்பர் சீட்டு ஒட்டினார். ஒரே ரோஜாவில் இரண்டு கிளை பிரிந்திருந்தால் பதினாலு பை ஒண்ணு, பதினாலு பை ரெண்டு என்று உட்பிரிவு செய்தார். தாமரைத் தொட்டி வைத்தவர்களுக்கு நஞ்சை, குடத்தில் தண்ணீர் ஊற்றுகிறவர்களுக்குப் புஞ்சை. என் மாடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலேயே "மானாவாரி", அதாவது மழை பெய்தால்தான் உண்டு, என்று எழுதினார். நான் தண்ணீர் ஊற்றுகிற லட்சணம் அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை புரியவில்லை. ஜூலை முதல் தேதி வீடு வீடாக வந்து "புதுப் பசலி வாழ்த்துக்கள்" சொல்வார். வருவாய்த் துறைக் கணக்கில் அன்றைக்குத்தான் வருஷப் பிறப்பாம். அதற்கு நாம் காப்பி வேறு கொடுக்க வேண்டும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வீட்டில் ஆள் இல்லையென்றால் கதவிடுக்கில் ஒரு துண்டுச் சீட்டு செருகிவிட்டுப் போவார். ஒருமுறை நான் திருவிடைமருதூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். என் வீட்டுக்காரர் வெளியூரிலிருந்து திரும்பி வந்தவர், பூட்டிய கதவில் அந்தச் சீட்டைப் பார்த்திருக்கிறார். "தக்காளி, 3 பை, சாவி." பயிர் காய்ந்து பதராய்ப் போனால் கணக்கில் அதைச் சாவி என்று எழுதுவார்கள். எங்கள் வீட்டு ஐயாவுக்கு அது எங்கே தெரியும்? மனைவி எவ்வளவு பொறுப்பாகச் சாவியைத் தக்காளிச் செடி இருக்கும் மண் பையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று நெகிழ்ந்துபோய் வெளிப்படி வழியாக மாடிக்கு ஏறியிருக்கிறார். நான் திரும்பி வந்தபோது மூன்று பைகளும் கவிழ்ந்து கிடந்தன. முழங்கை வரை மண்ணோடு நின்றுகொண்டிருந்தவர் என்னைப் பார்த்து, "ஒருவேளை கத்தரிக்காய்ப் பையில வெச்சியா?" என்று கேட்டார். சாவி என் கைப்பையில் இருந்தது.

புகார்கள் சேர்ந்துகொண்டே போயின. சங்கத் தலைவர் பெரியநாயகி டீச்சர் ஒரு கூட்டத்தில் கறாராகச் சொல்லிவிட்டார். "சங்க விதியில செடி இல்லாதவங்க உறுப்பினரா இருக்கக் கூடாதுன்னு இருக்கு. இத்தனை நாள் கண்டுக்காம விட்டோம். இனிமே ஒரு புகார் வந்தாலும் அந்த விதியைப் படிச்சு உங்க பேரை எடுத்துடுவேன் சார்."

அடங்கல் சாருக்கு முகம் வெளுத்துவிட்டது. அன்றே ஒரு தொட்டி வாங்கினார். துளசி வைத்தார், போய்விட்டது. மணி பிளாண்ட் வைத்தார், அதுவும் போய்விட்டது. கற்பூரவல்லி வைத்தார். கற்பூரவல்லியைச் சாகடிக்க முடியும் என்பதே அவர் செய்து காட்டிய பிறகுதான் எங்களுக்குத் தெரியும். காய்கறிக் கடையில் அவர் மனைவி செல்லம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சனிக்கிழமையே சட்டையை அயர்ன் பண்ணி மாட்டி வெச்சுடுறாருங்க. வாரம் பூரா அந்த ஒரு நாளைக்காகத்தான் உட்கார்ந்திருக்காரு. அதை மட்டும் பறிச்சுடாதீங்க." எனக்கு என்னவோ போலாகிவிட்டது. நான் பார்த்துக்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். பார்த்துக்கொண்ட லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

கீழவாசலில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் ஹாஜா பாய் வீட்டு மாடியும் டீச்சர் வீட்டு மாடியும் ஒட்டினாற்போல் இருக்கும். நடுவில் ஒரே ஒரு கைப்பிடிச் சுவர். பாய் தன் பையில் ஊன்றிய சுரைக்கொடி சுவரைத் தாண்டி டீச்சர் பந்தலில் படர்ந்தது. படர்ந்தது சும்மா இருந்ததா, சுவருக்கு நேர் மேலே ஒரு காயை விட்டது. அது வளர்ந்தது, வளர்ந்தது, என் இடுப்பு உயரத்துக்கு வளர்ந்தது. வருடாந்திரக் கண்காட்சியில் நீளமான காய்க்கான கோப்பை அதற்குத்தான் என்று தெருவுக்கே தெரியும். யாருடைய காய் என்பதுதான் தெரியாது.

"உங்க பந்தல் புண்ணியம் டீச்சர், என் காய் நல்லா வந்திருக்கு" என்பார் பாய்.

"உங்க கொடி ராசி பாய், என் காய் இன்னும் ஒரு சாண் வரும்" என்பார் டீச்சர்.

இரண்டு பேரும் சிரித்துக்கொண்டேதான் பேசுவார்கள். கேட்கிற நமக்குத்தான் யார் பக்கம் தலையாட்டுவது என்று தெரியாது. கடைசியில் அடங்கல் சாரை அளக்கச் சொன்னார்கள். அவர் டேப்பை எடுத்துக்கொண்டு சுவர் மேல் ஏறி நின்று மூன்று முறை அளந்தார். இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை, காய் சரியாகப் பொதுச் சுவருக்கு மேல் தொங்குகிறது என்று குறித்துக்கொண்டார். தீர்ப்பைக் கண்காட்சி அட்டையில் எழுதுவதாகச் சொல்லிவிட்டு இறங்கினார்.

கண்காட்சி பக்கத்துக் கல்யாண மண்டபத்தில். அறிவிப்பாளர் நான். ஐம்பது அறுபது அட்டைகளை மடமடவென்று வாசித்துக்கொண்டு போகிறேன். கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். சுரைக்காய் அட்டை வந்தது. அதில் மூன்று வரி. கொடி, ஹாஜா பாய். பந்தல், பெரியநாயகி டீச்சர். காய், புறம்போக்கு. கணக்கில் அந்தச் சொல்லுக்கு யாருக்கும் பட்டா இல்லாத பொது இடம் என்று அர்த்தம். தெருவில் அதற்கு என்ன அர்த்தம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வரியின் தொடக்கத்தில் இருந்த சின்ன எழுத்துகள் என் கண்ணுக்குத் தெரியவே இல்லை. பெரிய எழுத்தில் இருந்ததை மட்டும் கணீரென்று வாசித்தேன்.

"அடுத்ததாக, இந்தக் கண்காட்சியிலேயே நீளமான சுரைக்காய். ஹாஜா பாய், பெரியநாயகி டீச்சர், புறம்போக்கு."

மைக் வேறு அன்றைக்குப் பார்த்து நன்றாக வேலை செய்தது.

பாய் மெதுவாக எழுந்தார். "யாரும்மா அப்படி எழுதினது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அடங்கல் சார் எழுந்து வந்துவிட்டார். விளக்கம் சொல்லப் போகிறாராம். "கோச்சுக்காதீங்க பாய். இதுல அவமானம் ஒண்ணும் கிடையாது. என் சர்வீஸ்ல எத்தனையோ பெரிய பெரிய புறம்போக்கு பார்த்திருக்கேன். அதோட பார்த்தா நீங்க ரொம்பச் சின்னப் புறம்போக்கு."

"என்ன சார் பேசுறீங்க?" என்று டீச்சர் எழுந்தார்.

"நீங்களும்தாங்க டீச்சர். ரெண்டு பேருக்கும் சரி பாதி."

பின்வரிசையில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள். அவ்வளவுதான். டீச்சர் மேடையேறி, என் கையிலிருந்து மைக்கை வாங்கி, செடி இல்லாதவர் உறுப்பினர் இல்லை என்ற விதியை எல்லார் முன்னாலும் படித்தார். அடங்கல் சார் வாதாடவே இல்லை. "விதி சரிதாங்க" என்றார். நோட்டை என் மேஜையில் வைத்து, "பெற்றுக்கொண்டேன்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்கம்மா" என்று தாளை நீட்டினார். நான் தப்பாக வாசித்ததால் வந்த வினை இது என்று அப்போதே மைக்கில் சொல்லியிருக்க வேண்டும். பயந்துகொண்டு கையெழுத்துப் போட்டேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என் மேலேயே எரிச்சலாக வருகிறது.

அடுத்த ஞாயிறு நிம்மதியாகத் தூங்கலாம் என்று படுத்தேன். ஏழு மணிக்குத் தானாக விழிப்பு வந்துவிட்டது. அதற்கடுத்த ஞாயிறு ஹாஜா பாய் வந்தார். முகம் சரியில்லை. "புது ரோஜா ஒண்ணு பூத்திருக்கும்மா. அந்த மனுஷன் வந்து எழுதாம பூத்த மாதிரியே இல்லை." நான் பொறுக்க முடியாமல் கண்ணாடிக் கதையைச் சொல்லிவிட்டேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். இருவருமாக டீச்சரிடம் போனோம்.

"அட்டையை அன்னிக்கே எடுத்துப் பார்த்துட்டேன், கலா" என்றார் டீச்சர். "கோபத்துல பண்ணிட்டேன். ஆனா விதியை ஊரறியப் படிச்சாச்சே. அவருகிட்ட ஒரு செடியாவது இருந்தாத்தான் திரும்பச் சேர்க்க முடியும். நாம ஒண்ணு கொடுக்கலாம்னா, அன்பளிப்பு வாங்கக் கூடாதும்பாரு."

சரி, நேரில் போய்ப் பேசுவோம் என்று நோட்டையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் அபார்ட்மெண்டுக்குப் போனோம். கதவைத் திறந்த செல்லம்மா எங்களைப் பார்த்ததும் கும்பிட்டார். "நல்ல வேளை வந்தீங்க. நாலு நாளா ரசத்துக்குப் பூண்டு இல்லைங்க. கூடையில ஒரு பூண்டு முளை விட்டுடுச்சு. தொடக் கூடாதுன்னுட்டாரு."

சமையலறை ஜன்னலில் ஒரு கொட்டாங்கச்சி. அதில் ஒரு பூண்டுப் பல். அதிலிருந்து விரல் நீளத்துக்கு ஒரு பச்சை முளை. பக்கத்தில் அடங்கல் சார் குற்றவாளி மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். "இது செடிதானே சார்?"

"செடிதாங்க. ஆனா தானா முளைச்சது. நான் விதைக்கலை. என் சாகுபடின்னு பொய்க் கணக்கு எழுத மாட்டேன்."

"தண்ணி யாரு விடுறது?" என்று பாய் கேட்டார்.

அவர் கொட்டாங்கச்சியை ஜன்னலின் உள்பக்கமாக நகர்த்தி வைத்தார். செல்லம்மாதான் சொன்னார். "எனக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்க மறந்தாலும் அதுக்கு ரெண்டு வேளை தண்ணி தெளிக்க மறக்க மாட்டாருங்க."

"கணக்குல சாகுபடிதாரர்னு யாரை எழுதுவீங்க சார்? விதை கொடுத்தவரையா, தண்ணி விட்டுக் காப்பாத்துறவரையா?" பாய் விடவில்லை.

அடங்கல் சார் முளையை ஒருமுறை குனிந்து பார்த்தார். "காப்பாத்துறவரைத்தாங்க" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது.

நான் நோட்டை நீட்டினேன். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். தரையிலேயே உட்கார்ந்து எழுதினார். பூண்டு, ஒரு பல், சாகுபடிதாரர் என்ற இடத்தில் தன் பெயர். பயிர் நிலை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. அப்புறம் "நன்று" என்று எழுதினார். யாருடைய செடிக்கும் அவர் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். என் கண்ணும் கலங்கிவிட்டது. அந்த மனுஷரை எனக்கு இவ்வளவு பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

வாசல் வரை வந்தவர் தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கு வரலாமாம்மா?"

"ஆறு மணிக்கே வாங்க சார்" என்றேன். "டிபன் சாப்பிடாம வாங்க."