தாய்மாமன் கொடுத்த வண்டியும் விழாத முதல் கியரும்

முத்தையாபுரம்,
செவ்வாய்க்கிழமை மதியம்.

மரியாதைக்குரிய மைத்துனர் சாத்தான்குளம் முத்துமணி அவர்களுக்கு, உங்கள் தங்கை சீனித்தாயைக் கட்டிய ஒரே காரணத்தால் இருபத்தேழு வருடமாக உங்களை மச்சான் என்று அழைத்துவரும் தங்கதுரை எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் நலம். அப்படி எழுதுவது முறை என்பதால் எழுதுகிறேன். அங்கே நீங்கள் எல்லோரும் கண்டிப்பாக நலமாகத்தான் இருப்பீர்கள். வண்டிதான் இப்போது என்னிடம் இருக்கிறதே.

கையில் போனை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் ஏன் கடிதம் எழுதுகிறான் என்று நினைப்பீர்கள். போனில் கூப்பிட்டால், "என்ன மாப்ள, சாப்பிட்டாச்சா" என்று ஆரம்பிப்பீர்கள், அதோடு என் கோபம் போய்விடும். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் குடும்பக் குரூப்பில் போட்டுவிடுவீர்கள். கோபம் ஆறாமல் உங்கள் கையில் வந்து சேர வேண்டும் என்றுதான் கூரியரில் அனுப்புகிறேன்.

ஆறு வாரத்துக்கு முன்னால், என் மகள் இந்துமதி கல்யாணத்துக்குத் தாய்மாமன் சீர் என்று சொல்லி, பதினாறு வயதான உங்கள் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தினீர்கள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாம் இந்த வண்டியில்தான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போக வேண்டும், அதற்கு அப்புறம் உங்கள் உப்பு யாவாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். தெருவே பார்த்தது. எனக்குக் கண் கலங்கியது உண்மை, மறைக்கவில்லை. சாவியைக் கொடுக்கும்போது வேறு என்னென்னவோ கால்மணி நேரம் சொன்னீர்கள். வண்டி கொடுத்தவர் நாலு புத்தி சொல்லத்தானே செய்வார் என்று நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து அதை நான் கண்ணும் கருத்துமாகத்தான் பார்த்தேன் மச்சான். உப்பளத்தில் இறங்கி ஏறினால் காலோடு உப்புத் தண்ணீர் வரும், அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழும். அதனால் உப்பு ஏற்றுகிறவர்கள் எல்லோரும் காலடியில் சாக்கு விரிப்பார்கள். நானும் விரித்தேன், குறை வைக்கவே இல்லை. கழுவித் துடைத்து, சந்தனப் பொட்டு வைத்து, வாரம் தவறாமல் எலுமிச்சம்பழம் கட்டினேன். அந்த வண்டி எனக்குச் செய்ததைக் கேளுங்கள்.

பத்து நாளாகக் கியர் விழ மாட்டேன் என்கிறது. என்ஜினை அணைத்துவிட்டால் ஐந்து கியரும் சமர்த்தாக விழும். ஸ்டார்ட் செய்துவிட்டால் முதல் கியரும் ரிவர்ஸும் கர்ர்ரென்று கத்தும், கியர்க் குச்சி திரும்பி என் கையையே தள்ளும். போன வாரம் முக்காணி பாலத்தில் முன்னால் போன பஸ் நின்றதால் நானும் நின்றேன். பஸ் கிளம்பிப் போய்விட்டது, நான் கிளம்பவில்லை. பின்னால் கண்டெய்னர் லாரி ஒன்று ஆரனை அமுக்கிக்கொண்டே இருக்கிறது, எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது, இரண்டு கையாலும் கியரைப் பிடித்துத் தள்ளுகிறேன். கடைசியில் செகண்டிலேயே எடுத்தேன். ஆறுமுகநேரி வரைக்கும் வண்டியை எங்கேயும் நிறுத்தவில்லை, நிறுத்த பயம்.

அன்றைக்கு நான் போனதோ நம் சம்பந்தி வீட்டுக்கு. சீர் வருகிற நேரம் பேசி முடித்து, காப்பி குடித்து, கும்பிட்டு வண்டியில் ஏறினேன். முட்டுச் சந்து, ரிவர்ஸ் எடுத்தால்தான் வெளியே வர முடியும். அது விழவில்லை. மாப்பிள்ளை, அவர் சித்தப்பா, பந்தல் போட வந்த இரண்டு பேர் எல்லோரும் சேர்ந்து மாமனார் வண்டியைச் சந்து முனை வரைக்கும் தள்ளினார்கள். சம்பந்தி தள்ளவில்லை, வாசலில் நின்று பார்த்துக்கொண்டே நிதானமாகக் கேட்டார்.

"சீர் கொண்டாரப்பவும் தள்ளுததுக்கு ஆள் வேணுமா அண்ணாச்சி? சொன்னியன்னா ஏற்பாடு பண்ணிருவோம்."

சிரித்துவைத்தேன். வீடு வந்து சேருகிற வரைக்கும் அந்தச் சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாளே முத்தையாபுரம் மெக்கானிக் ஜீவமணியிடம் விட்டேன். பொறுமையான ஆள், வேதக்கோயிலில் பைபிள் வாசிக்கிறவர். முதலில் கியர் ஆயிலை இறக்கி விரலில் தேய்த்துப் பார்த்தார், இரும்புத் தூள் இல்லை, புது ஆயில் ஊற்றினார், கியர் விழவில்லை. குச்சிக்குக் கீழே இருக்கிற மூட்டுகள் உப்புக் காற்றில் இறுகியிருக்கும் என்று கழற்றிக் கிரீஸ் வைத்தார், விழவில்லை. கிளட்சை முறுக்கி வைத்தார், கொஞ்சம் விழுவது போல் விழுந்து மறுபடியும் கத்தியது. வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு, "அண்ணாச்சி, கிளட்ச்ச முழுசா மிதிக்கியளா?" என்று மூன்று தடவை கேட்டார். முப்பது வருடமாக வண்டி ஓட்டுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது? இதற்கு மேல் போகாது என்கிற வரைக்கும் மிதிக்கிறேன் என்றேன். அவரே ஏறியும் மிதித்துப் பார்த்தார், அவருக்கும் அதே கதிதான். அப்படியானால் கோளாறு கியர் பெட்டிக்குள்ளே, உள்ளே இருக்கிற வளையம் தேய்ந்திருக்கும், இறக்கிப் பிரித்தால் நாலு நாள் ஆகும், சாமான் மதுரையிலிருந்து வர வேண்டும் என்றார். சீர் போக வேண்டியது வருகிற ஞாயிறு காலை ஒன்பதரைக்குள். விரலை மடக்கி எண்ணிப் பார்த்து அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ஞாயிறு வரைக்கும் சமாளித்துவிடலாம் என்று வண்டியை வீட்டுக்கு எடுத்துவந்தேன். இன்று காலையில் ஒரு யோசனை. அணைத்திருக்கும்போதுதானே கியர் விழுகிறது, முதல் கியரைப் போட்டுவிட்டு ஸ்டார்ட் செய்தால் என்ன? செய்தேன். கிளட்சை மிதித்துக்கொண்டுதான் செய்தேன். சாவியைத் திருப்பியதுதான் தாமதம், வண்டி ஒரு துள்ளுத் துள்ளி, நேற்றுக் கட்டிய பந்தல்காலில் போய் முட்டியது. பந்தல் சரிந்து வண்டிமேல் உட்கார்ந்தது. கல்யாண வீட்டில் பந்தல் விழலாமா மச்சான்? உங்கள் தங்கை அடுப்படியிலிருந்து ஓடிவந்து பார்த்தவள், அப்படியே திரும்பி உள்ளே போய்விட்டாள்.

ஆகவே நான் முடிவுக்கு வந்துவிட்டேன். வண்டி கெட்டது தெரிந்தேதான் சீர் என்ற பெயரில் என் தலையில் கட்டியிருக்கிறீர்கள். ஞாயிறன்று வேறு வண்டி பிடித்துக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு நீங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். தாய்மாமன் போட வேண்டிய மாலையை என் தம்பி போட்டுவிடுவான். இதைச் சொன்னதும் சீனித்தாய் சாப்பாட்டைத் தட்டில் போடாமல் சட்டியோடு கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனாள். இந்துமதி மட்டும் பேசினாள்.

"மாமா மாலை போடாம நான் மணவறையில உக்கார மாட்டேம்ப்பா. நீங்களும் ஒங்க கியரும் போய் உக்காந்துக்கிடுங்க."

பெற்ற மகள் பேசுகிற பேச்சா இது? கேட்டதும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தாகிவிட்டது, எழுதியே முடிக்கிறேன். திருச்செந்தூர் முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதில் ஒரு நாளாவது மனசாட்சியையும் கொடுக்கட்டும். வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கம். சின்னவர்களுக்கு ஆசி. உங்களுக்கு இரண்டும் இல்லை.

இப்படிக்கு,
தங்கதுரை

பி.கு.: இன்று புதன்கிழமை. நேற்றே சொல்லி அனுப்பியிருந்ததால், காலையில் கியர் பெட்டியை இறக்க ஜீவமணி வீட்டுக்கே வந்தார். இறக்குவதற்கு முன்னால் காலடியில் கிடந்த சாக்கை எடுத்தார். எடுத்தார், எடுத்துக்கொண்டே இருந்தார். மொத்தம் ஐந்து, பழையதை எடுக்காமல் வாரத்துக்கு ஒன்றாக நான் மேலே மேலே விரித்தவை. உப்புத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து பலகையாக இறுகிப்போய்க் கிளட்ச் பெடலுக்கு அடியில் கிடந்தன. நான் மிதித்தது அத்தனையும் சாக்கு வரைக்கும்தான், அதற்குக் கீழே இன்னும் நாலு விரல்கடை பாக்கி இருந்திருக்கிறது. ஜீவமணி வண்டியை ஸ்டார்ட் செய்து, கிளட்சை மிதித்து, இரண்டே விரலால் முதல் கியரைப் போட்டார். பிறகு ரிவர்ஸைப் போட்டார். என்னை ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போதுதான் சீனித்தாய் வாயைத் திறந்தாள். சாவி கொடுத்த அன்றைக்கு நீங்கள் சொன்னதை வார்த்தை பிசகாமல் சொன்னாள்: "மாப்ள, காலடியில எதையும் போட்டுராதிய, பெடலு அடி வரைக்கும் போவணும்." நான் தலையாட்டியதையும் ஆட்டிக் காட்டினாள்.

கடிதத்தைக் கிழிக்கப் போனேன். விடவில்லை. எழுதினவரே அனுப்ப வேண்டும், அண்ணன் முழுசாகப் படிக்க வேண்டும், இல்லையென்றால் இன்றைக்கும் சட்டிதான் என்கிறாள். அதனால் அனுப்புகிறேன் மச்சான். என்னை மன்னித்துவிடுங்கள். சனிக்கிழமையே வந்துவிடுங்கள், பந்தலைத் திரும்பக் கட்டியாகிவிட்டது. மாலை உங்கள் கையால்தான். ஞாயிறன்று சீர் வண்டியையும் நீங்களே ஓட்டுங்கள், அந்தச் சந்தில் சம்பந்தி பார்க்க ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். நான் பக்கத்து சீட்டில் பேசாமல் உட்கார்ந்து வருகிறேன். என் காலடியில் மட்டும் ஒரே ஒரு சாக்கு விரித்துக்கொள்கிறேன், அந்தப் பக்கம் பெடல் கிடையாது.