ஷூவுக்குள் போன கோதுமை விஸ்கி

குடிக்காமல் இருப்பது சுலபம். "நான் குடிக்கிறதில்லை" என்று நாலு பேர் முன்னால் வாய்விட்டுச் சொல்வதுதான் கஷ்டம். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லத் துப்பில்லாமல் ஒருநாள் நான் செய்த காரியத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அப்போது ஆம்பூர் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் சாம்பிள் ரூமில் வேலை பார்த்தேன். என் மனைவி வாணி அதே கம்பெனியில் லைனிங் செக்கிங். ஷூவின் உள்பக்கம் ஒட்டிய மெல்லிய தோலில் ஈரம், கறை, சுருக்கம் ஏதாவது இருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்த்து, எல்லாம் சரியென்றால் தன் நம்பர் போட்ட சீட்டை உள்ளே வைக்க வேண்டும். எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு மாதம். பெண் பார்க்கப் போனபோது அவள் என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எனக்கு வேற எதுவும் வேணாம். குடிக்கக் கூடாது. அவ்ளோதான்."

அவள் அப்பாவைக் குடிதான் கொண்டுபோனது. நான் (பெரிய அரிச்சந்திரன்) அங்கேயே சத்தியம் செய்து கொடுத்தேன்.

அந்த வருஷம் எங்கள் சரக்கை வாங்கும் வெளிநாட்டு பையர் ஒருவர் வந்தார். கண்டெய்னர் ஏறத் தயாராக இருந்த ஷூக்களைப் பார்த்து ஓகே சொல்ல வேண்டியவர். மதியம் சாப்பாடு முடிந்ததும் சாம்பிள் ரூமில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். கோதுமை விஸ்கியாம். அவர்கள் ஊர்க் கோதுமையில் செய்ததாம். ஒரு குழந்தையை அறிமுகப்படுத்துவதுபோல் அதைப் பற்றிச் சொன்னார்.

முதலில் எங்கள் முதலாளியிடம் நீட்டினார். நாங்கள் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவோம். பாய் நெஞ்சில் கை வைத்துச் சிரித்தபடி, "நோ சார், ஐ டோன்ட் டிரிங்க்" என்றார். விஷயம் ஒரு விநாடியில் முடிந்துவிட்டது.

அடுத்து கிளாஸ் என் பக்கம் திரும்பியது. நானும் அதையே சொல்லியிருக்கலாம். ஆனால் உலகம் தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள எனக்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வாய்த்திருந்தது. "யெஸ் சார், விஸ்கி, வெரி குட்" என்று வாங்கிக்கொண்டேன். அதுவரை கோதுமை பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ராத்திரி சப்பாத்தி என்பதுதான்.

சத்தியம் என்ன ஆவது? அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். எங்கள் தெருவில் ஒரு பிரியாணி மாஸ்டர் இருந்தார். ரம்ஜான் மாதத்தில் நோன்போடு பிரியாணி தேக்சா அண்டா முன்னால் நிற்பார். உப்பு பார்க்க வேண்டுமே? நாக்கு நுனியில் துளி வைத்து, உடனே துப்பிவிடுவார். "தொண்ட தாண்டலன்னா நோன்பு முறியாதுப்பா" என்பார். நோன்புக்கே அந்தச் சட்டம் என்றால் என் சத்தியத்துக்கு ஆகாதா? (மாஸ்டர் வைத்தது நாக்கு நுனியில் ஒரு துளி. நான் ஊற்றிக்கொண்டது ஒரு வாய். அவருக்குத் துப்ப வாசல் இருந்தது.)

முதலில் புதிதாகச் சுட்ட ரொட்டி வாசனை. அப்புறம் வெல்லம். அப்புறம் நெருப்பு. இன்றைக்கும் சொல்ல வெட்கமாக இருக்கிறது, நன்றாகத்தான் இருந்தது. அப்படி நன்றாக இருந்ததுதான் என்னைக் கலக்கிவிட்டது. விழுங்கக் கூடாது. ஏசி ரூம், கண்ணாடி ஜன்னல் சாத்தியிருந்தது. குப்பைத்தொட்டியோ பையரின் காலடியில் இருந்தது. கன்னம் இரண்டும் உப்பி, கண்ணில் தண்ணீர் கட்ட, அவர் கேட்டதற்கெல்லாம் தலையாட்டினேன். அவர் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கத் திரும்பினார். பாய் போனில் பேசிக்கொண்டிருந்தார். அவர் பார்ப்பதற்காகப் பெட்டிகளிலிருந்து எடுத்து மேசையில் வைத்திருந்த பிரவுன் ஷூ ஒன்றை எடுத்து, தையலைச் சோதிப்பவன்போல முகத்தருகே கொண்டுபோய், உள்ளே விட்டுவிட்டேன்.

பையர் திரும்பி வந்தார். மேசையில் பன்னிரண்டு ஷூக்கள் இருந்தன. அவர் கை அதைத்தான் எடுத்தது.

விரலை விட்டார். வெளியே எடுத்தபோது விரலெல்லாம் ஈரம், கூடவே லைனிங் சாயம். அவர் முகம் மாறிவிட்டது. எல்லாப் பெட்டியையும் பிரிக்க வேண்டும், கண்டெய்னர் போகாது என்றார். பாய் உள்ளே இருந்த சீட்டை எடுத்து நம்பரைப் பார்த்தார். வாணியின் நம்பர்.

தலைத்தொப்பியும் ஏப்ரனுமாக வாணி வந்து நின்றாள்.

"இன்னாம்மா இது? இப்டி ஊறிக் கெடக்குது. இதுக்கா ஓகே போட்ட?"

"காஞ்சிதான் இருந்திச்சு பாய். நான் கைய வுட்டுப் பாத்தேன்."

"அப்ப இது இன்னா, பன்னீரா?"

அவள் ஷூவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். அந்த வாசனையோடு வளர்ந்தவள் அவள். மெதுவாக நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மேசையில் பாட்டில். என் முன்னால் கிளாஸ். இனி யாரும் அவளுக்கு விளக்க வேண்டியதில்லை.

இது விஸ்கி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான் சரியா பாக்கல பாய்" என்றாள்.

என் வாழ்க்கையில் நான் இத்தனை சிறுத்துப்போனதே இல்லை.

"பாய், அது நான் துப்புனது" என்று எழுந்தேன். பையருக்கும் புரிய வேண்டுமே என்று, "சார், மை மவுத், யுவர் விஸ்கி, திஸ் ஷூ" என்று ஒவ்வொன்றாகக் கை காட்டினேன்.

பையர் தன் விரல்களைப் பார்த்தார். எழுந்து போய் ரொம்ப நேரம் கை கழுவினார். வந்து பாட்டிலை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு வேறு பத்து ஷூக்களைக் கேட்டு வாங்கித் தண்ணீர் விட்டுப் பார்த்தார். எதிலும் சாயம் போகவில்லை. கண்டெய்னர் கிளம்பியது. நான் பேக்கிங்குக்கு மாற்றப்பட்டேன்.

"குடிக்க மாட்டேன்னு சொல்றதுக்கு இன்னாப்பா வெக்கம்?" என்றார் பாய். "உன் கண்ணு முன்னாடிதானே நான் சொன்னேன்?"

வீட்டுக்கு வந்ததும் வாணி என் எதிரே உட்கார்ந்தாள். நான் பிரியாணி மாஸ்டரின் சட்டத்தை எடுத்துச் சொன்னேன்.

"துப்புனது சரி. எதுக்கு வாய தொறந்தீங்க?"

 அப்புறம் அவளே, "எப்டி இருந்திச்சு?" என்று கேட்டாள்.

இன்னொரு பொய்க்கு என்னிடம் தெம்பில்லை. "நல்லா இருந்திச்சு."

"எங்கப்பாவும் அப்டித்தான் சொல்லுவாரு" என்று அழுதாள். நானும் அழுதேன்.

இப்போது எங்கள் பெண் காலேஜ் போகிறாள். வீட்டில் சப்பாத்தி போடும் நாளெல்லாம், "அப்பா கோதுமை சாப்பிடப் போறாரு, ஷூவ எல்லாம் தூர வை" என்று ஸ்டாண்டை வாசலுக்குத் தள்ளுவாள். சொந்தக்காரர்கள் வந்திருந்தால் முழுக் கதையும் உண்டு, 'மை மவுத்' உட்பட. நான் தலையைக் குனிந்துகொண்டு சப்பாத்தியைப் பிய்ப்பேன்.

எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரிப்பவள் வாணிதான். குடியைப் பற்றிச் சிரிப்பதற்கு அவளிடம் இருப்பது இந்த ஒரு கதைதான். பெண் அதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.