வேப்பிலை கட்டிய வீடு

1955 கார்த்திகையில், மூன்றாவது கொலை நடந்த ஒன்பதாம் நாள் விடிந்ததும், சரசம்மா தன் புருஷனின் பழைய செருப்பை எடுத்து வாசலில் வைத்தாள்.

புருஷன் எல்லப்பன் கோலார் தங்கச் சுரங்கத்தில் இருந்தான். பொங்கலுக்குத்தான் வருவான். பேரிகை ஊருக்கு வெளியே, கேழ்வரகுக் கொல்லைக்கு நடுவே ஒற்றை வீடு. செத்த மூன்று பேரும் இப்படிப்பட்ட வீடுகளில் தனியாக இருந்தவர்கள். கொலைகாரன் எல்லை தாண்டி மைசூர் பக்கம் போய்விட்டான் என்று இந்தப் பக்கத்துப் போலீஸ் சொன்னது. திரும்பி வந்துவிட்டான் என்று அந்தப் பக்கத்துப் போலீஸ் சொன்னது.

செருப்பு மட்டும் போதாது என்று தோன்றியது. வேட்டி ஒன்றை நனைத்துக் கொடியில் போட்டாள். பாதையில் ஆள் போகும்போதெல்லாம் உள்ளே பார்த்து, "ஏங்க, களி ஆறுது, வாங்க" என்று கத்தினாள்.

கொலைகாரன் காதில் விழுந்ததோ இல்லையோ, பக்கத்துக் கொல்லை கோவிந்தப்பன் காதில் விழுந்தது.

"என்னாம்மா, எல்லப்பன் வந்துட்டானா? கூப்பிடு, ஒரு வார்த்தை பேசிட்டுப் போறேன்."

"அவருக்குக் காய்ச்சல்ண்ணா. படுத்திருக்காரு."

"படுத்தே இருக்கட்டும். நான் உள்ள வந்து பார்க்கறேன்." படியில் கால் வைத்தார்.

சரசம்மா குறுக்கே நின்றாள். கோவிந்தப்பனுக்குத் தெரிந்தால் சாயங்காலத்துக்குள் சந்தைக்கே தெரிந்துவிடும். சந்தையில் எவன் நிற்கிறானோ!

"வராதீங்கண்ணா! அம்மை போட்டிருக்கு!"

கோவிந்தப்பன் திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வரப்புக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கிருந்து கும்பிட்டார்.

"மாரியாத்தா! வேப்பிலை கட்டலையாம்மா?"

கட்டினாள். பிறகு அந்தப் பக்கம் ஈ காக்கை வரவில்லை. பால்காரி வரப்போடு நின்றாள். மாடு மேய்ப்பவர்கள் வழியை மாற்றிக்கொண்டார்கள். கிணற்றடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றக் குடங்கள் நகர்ந்தன. இனி அலறினாலும் ஓடிவர ஆளில்லை. ராத்திரிகளில் அரிவாளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே போனால் வீட்டைப் பூட்டவும் முடியவில்லை. அம்மை கண்டவனை உள்ளே வைத்து எவள் பூட்டுவாள்?

நாலாம் நாள் மத்தியானம் புல்லுக்கட்டோடு திரும்பும்போது, கோவிந்தப்பன் மனைவி செல்லி எதிரே வந்தாள். பத்தடி தள்ளியே நின்றாள்.

சரசம்மா கட்டைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

"அண்ணி, அம்மையும் இல்ல, ஒண்ணும் இல்ல. அவரு கோலார்லதான் இருக்காரு. ஆள் இருக்குன்னு காட்டத்தான் பொய் சொன்னேன். வீட்டுல தனியாத்தான் கெடக்கறேன். இன்னிக்கு உங்க வீட்டுல படுத்துக்கறேன்."

செல்லி சிரிப்பாள், திட்டுவாள் என்று காத்திருந்தாள். செல்லி இரண்டும் செய்யவில்லை. தூரத்தில் சரசம்மா வீட்டில் சாத்தியிருந்த கதவையே பார்த்தாள்.

"அப்ப, நான் இப்ப மோர் கொண்டுபோய்க் குரல் குடுத்தப்போ, 'வெளியவே வச்சுட்டுப் போ, அவ வந்து எடுத்துக்குவா'ன்னு உள்ள இருந்து சொன்னது யாருடி?"