திபேரியுவை ஏலம் விட்ட அறுப்பின் பண்டிகை

என் மாமனார் வீட்டு மனிதர்களைவிட ரோமாபுரிச் சக்கரவர்த்திகளை எனக்கு நன்றாகத் தெரியும். இதனால் எனக்கு இதுவரை ஒரு நன்மையும் வந்ததில்லை. என் திருமண நாளை மறந்திருக்கிறேன். கால்பா கொல்லப்பட்டது கி.பி. 69 ஜனவரி 15 என்பதை ஒருமுறையும் மறந்ததில்லை. (என் மனைவி கிரேஸ் இதற்காக என்னையும் மன்னிக்கவில்லை, கால்பாவையும் மன்னிக்கவில்லை.)

பழங்காசு சேர்ப்பவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சரித்திரம் படித்தவர்கள் ஒரு சக்கரவர்த்தியை அவர் நடத்திய போர்களை வைத்து எடை போடுவார்கள். நாங்கள் அவருடைய தாடையை வைத்து எடை போடுவோம். நீரோ 54-இல் பட்டத்துக்கு வந்தபோது காசில் இருப்பவன் ஒல்லிக் கழுத்துப் பையன். 68-இல் அவன் சாவதற்குள் கழுத்து என்ற ஒன்றே காசில் இல்லை. திபேரியு இதற்கு நேர் எதிர். 14 முதல் 37 வரை ஆண்டார். வெள்ளிக் காசில் ஏறக்குறைய ஒரே அச்சுதான். ஒரு பக்கம் இவர் முகம், மறுபக்கம் உட்கார்ந்திருக்கும் ஒரு பெண். யாராவது மாற்றச் சொல்லியிருந்தால், "இருக்கிறது போதும், போ" என்றிருப்பார். கடைசியில் தலைநகரமே வேண்டாமென்று ஒரு தீவில் போய் உட்கார்ந்துகொண்டார். ஆம்பூர் ஷூ கம்பெனி ஒன்றில் ஏற்றுமதிக் காகிதங்களோடு மல்லுக்கட்டும் எனக்கு, சாயங்காலமானால் அவரை மிக நன்றாகப் புரியும்.

அதனால்தான் அவருடைய காசு ஒன்றை வாங்கினேன். சென்னையில் நடந்த நாணயக் கண்காட்சியில், சான்றிதழோடு. அதற்காக வீட்டில் வாஷிங் மெஷின் வாங்குவது தள்ளிப்போனது. கருத்துப்போன, கட்டைவிரல் நகம் போன்ற அந்த வெள்ளித் துண்டைக் கிரேஸ் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல துணி தொவைக்க முடியுமா?"

"கடைசிக் காசு கிரேஸ். இனிமே வாங்க மாட்டேன்."

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருக்கிறேன். காரணம் பின்னால் வருகிறது.

கொரோனா ஊரடங்கெல்லாம் முடிந்து எங்கள் சபையில் பழையபடி அறுப்பின் பண்டிகை வந்தது. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: அன்று ஆளாளுக்கு விளைந்ததையும் சமைத்ததையும் கொண்டுவந்து ஆலயத்தின் முன்மேசையில் படைப்போம். பூசணிக்காய், வாழைத்தார், கேக், கால் கட்டிய சேவல். ஆராதனை முடிந்ததும் எல்லாம் வெளியே வந்து ஏலம் போகும். மேசைக்குப் போனது கர்த்தருக்குப் போனது. திரும்ப எடுக்கிற பேச்சே கிடையாது.

அந்த வருடம் பிரசங்கத்துக்கு, இயேசுவிடம் வரி கட்டலாமா என்று கேட்டு மடக்கப் பார்த்தவர்களுக்கு அவர் ஒரு ரோமக் காசைக் காட்டிப் பதில் சொன்ன பகுதி அமைந்துவிட்டது. ஆயருக்கு என் காசு ஞாபகம் வந்தது.

"அந்தக் காலத்துக் காசு வச்சிருக்கீங்களாமே, பிரதர்? பிரசங்கத்துக்கு முன்னாடி அஞ்சே அஞ்சு நிமிஷம் பேசுங்க."

ரோமைப் பற்றிப் பேசுங்கள் என்று என் வாழ்க்கையில் என்னிடம் கேட்ட ஒரே மனிதர் அவர். அஞ்சு நிமிஷம் என்று சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

நான் அகஸ்டஸிலிருந்து தொடங்கினேன்.

திபேரியுவுக்கு நேராகப் போயிருக்கலாம். ஆனால் முன்கதை இல்லாமல் எப்படி? காசுப் படங்களைப் பெரிதாக அச்செடுத்து அட்டையில் ஒட்டியிருந்தேன். திபேரியுவையும் தாண்டிப் போய் நீரோவின் கழுத்தைக் காட்டியபோது சண்டே ஸ்கூல் பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு என் தலைக்கு ஏறியது. அடுத்து வெஸ்பாசியன். இவர் முகம் காசில் எப்போதும் முக்கிக்கொண்டிருப்பது போலவே இருக்கும் என்றேன். மூத்திரத்துக்கு வரி போட்டவர் என்றேன். அன்றைக்குத் தோல் பதனிடுகிறவர்கள் அதை வாங்கித்தான் தொழில் செய்தார்கள், ஆகவே இவர் நம் ஊருக்கு மிகவும் வேண்டியவர் என்றேன். பாதிச் சபை தோல் பதனிடும் ஷாப்பில் வேலை பார்ப்பது. ஆலயமே அதிர்ந்தது. ஆயர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தார்.

அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். கால்பாவின் அட்டையை எடுத்தேன்.

"வளைந்த மூக்கு, இறுகிய வாய், நெற்றிச் சுருக்கம். இவரிடமிருந்து ஒரு பைசா வாங்க முடியாது. படைவீரர்களுக்குச் சொன்ன பணத்தையே தர மறுத்தவர். இந்த முகத்தை நாம் தினமும் பார்க்கிறோம் என்று உங்களுக்குத் தோன்றலாம்."

பொதுவாகத்தான் சொன்னேன். (சத்தியமாக.) ஆனால் சபை முழுவதும் ஒரே நேரத்தில் மூன்றாவது வரிசைக்குத் திரும்பியது. அங்கே கிரேஸின் பெரியப்பா, எனக்குப் பெரிய மாமா, ஜெபமணி உட்கார்ந்திருந்தார். சபைப் பொருளாளர். பாடகர் குழு கேட்ட கீபோர்டுக்கு இன்றுவரை கையெழுத்துப் போடாதவர். அவருடைய மூக்கைப் பற்றி நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. என் கையில் இருந்த அட்டையே சொல்லிக்கொண்டிருந்தது. பாடகர் குழு கை தட்டியது. ஆலயத்தில் கை தட்டுவது எங்கள் வழக்கமில்லை.

பெரிய மாமா சிரிக்கவில்லை. தோல் ஷாப்பில் பல வருடம் செலக்டராக இருந்து, ஒரு தோலைக் கையால் தடவியே தரம் பிரித்தவர். என்னையும் அப்படித்தான் பார்த்தார்.

நிலைமையைச் சமாளிக்க, "அரசனுக்கு உண்டானது அரசனுக்கு, ஆண்டவருக்கு உண்டானது ஆண்டவருக்கு என்று இயேசு சொன்னது இந்த மாதிரிக் காசைக் காட்டித்தான், எல்லாரும் கையில் எடுத்துப் பாருங்கள்" என்று திபேரியுவை ஒரு தட்டில் வைத்துச் சுற்றுக்கு விட்டேன். பக்கத்தில் இருந்த தட்டு காணிக்கைத் தட்டு. அதற்கென்ன என்று அப்போது தோன்றியது.

எங்கள் சபையில் காணிக்கைத் தட்டு கைக்கு வந்தால் யாரும் யோசிப்பதில்லை. கை தானாகப் பைக்குள் போகும். முதல் வரிசை பத்து ரூபாய் போட்டது. இரண்டாம் வரிசையும் போட்டது. ஆர்கன் வாசிப்பவர் தட்டைப் பார்த்தார், காணிக்கைப் பாட்டை ஆரம்பித்தார். சபை எழுந்து நின்றது. நான் "இல்லைங்க, இல்லைங்க" என்று சொன்னது பல்லவியில் மூழ்கிப்போனது. தட்டு பின்வரிசை வரை போய், நிறைந்து, பணியாளர் கையில் நேராக ஆயரிடம் வந்தது. அவர் அதை உயர்த்தி, கண்ணை மூடி ஜெபித்து, பூசணிக்காய்க்குப் பக்கத்தில் வைத்தார். சபை "ஆமென்" என்றது. பழக்கதோஷம், நானும் சொன்னேன்.

வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். சில்லறையிலிருந்து தனியாகப் பிரித்து எடுத்த திபேரியுவை ஏலக்காரர் சேவலுக்கு அடுத்ததாகத் தூக்கிப் பிடித்தார்.

"ரோமாபுரி ராஜா காசு! கேளுங்க, கேளுங்க!"

"அது என்னுதுங்க," என்றேன்.

"இன்னா மாப்ள," என்றார் பெரிய மாமா நிதானமாக. "அரசனுக்கு உண்டானது அரசனுக்கு, ஆண்டவருக்கு உண்டானது ஆண்டவருக்குன்னு இப்பதான பேசின? மேசைக்குப் போனது யாருது?"

கூட்டம் என்னைப் பார்த்தது. ஆயரைப் பார்த்தேன். அவர் சேவலைப் பார்த்தார்.

வேறு வழியில்லாமல் என் காசை நானே கேட்டேன். பெரிய மாமா மேலே கேட்டார். நான் இன்னும் மேலே. அவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. கீபோர்டுக்குக் கையெழுத்துப் போடாத மனிதர், என் சம்பளத்தையே தாண்டும் தொகையைச் சேவலுக்கு விலை சொல்வது போலச் சொன்னார். நான் வாயைத் திறந்தேன். கிரேஸ் என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஒரு வாஷிங் மெஷினப் போட்டு வாங்குன காச, இன்னொரு வாஷிங் மெஷினப் போட்டு வாங்குவீங்களா?"

"கிரேஸ், திபேரியு..."

"பேஜார் பண்ணாம ஊட்டுக்கு வாங்க."

ஏலம் முடிந்தது. பெரிய மாமா காசை வாங்கி, கட்டைவிரலால் தடவி, "கருப்பு ஜாஸ்தியா கீது" என்றார். அடுத்த ஞாயிறு அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரியில், பேரனின் ஓட்டப்பந்தயக் கோப்பைக்குப் பக்கத்தில், பாலிஷ் போட்டுப் பளபளவென்று இருந்தார் திபேரியு. ஊரை விட்டு ஓடித் தீவில் ஒளிந்த மனிதர். பழங்காசுக்கு அந்தக் கருப்பில்தான் மதிப்பு, அது படிய எத்தனை நூற்றாண்டு ஆகியிருக்கும் என்று பெரிய மாமாவிடம் விளக்கத் தொடங்கினேன். "காபி சாப்ட்றியா மாப்ள?" என்றார். சாப்பிட்டேன். அந்த ஏலப் பணத்தில்தான் கீபோர்டு வந்தது. பாடகர் குழு இன்றும் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்கிறது.

போன மாதம் என் மகளுக்கு நிச்சயதார்த்தம். அதே ஆலயம், அதே மேசை. மோதிரங்கள் இருந்த தட்டை நான் எடுத்துக்கொண்டு முன்னால் போனேன்.

"மேசை மேல வைங்க, பிரதர். ஜெபிக்கலாம்," என்றார் ஆயர்.

என் கை இறங்கவில்லை. நானும் முயன்றேன். விரல்கள் தட்டை விட மறுத்தன.

"பரவாயில்லீங்க ஐயா, நானே புடிச்சிக்கிறேன்."

மகள் முக்காட்டுக்குள் சிரிப்பில் குலுங்கினாள். மாப்பிள்ளை வீட்டார் ஒன்றும் புரியாமல் விழித்தார்கள். அவர்களுக்கு இனி வாழ்நாள் முழுவதும் யாராவது இதைச் சொல்லிக்கொண்டே இருப்பார்கள். மூன்றாவது வரிசையிலிருந்து பெரிய மாமாவின் குரல் வந்தது:

"தைரியமா வை மாப்ள. இன்னிக்கு ஏலம் கேக்க நான் காசு எடுத்துனு வரல."