இருபது பேருக்கு மேல் கூடாது

இந்தத் தடவை என் சொல்தான் நிற்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். முடிவெடுத்தது குளியலறைக்குள். வெளியே வந்து சொல்லத்தான் கொஞ்சம் தாமதமாகிவிட்டது.

"செவ்வந்தி, கனிஷ்கா பொறந்தநாளுக்கு இருபது பேர்தான். ஒருத்தர் கூடக் கூடாது."

கனிஷ்கா எங்கள் ஒரே மகள். போன வருடம் அவள் கேக் வெட்டியதை நான் பார்க்கவில்லை. என் மனைவியின் சொந்தக்காரர்களுடைய முதுகுகளைத்தான் பார்த்தேன். வீட்டுக்காரன் நான், சமையல்கட்டு வாசலில் எக்கி எக்கி நின்றேன். இந்த வருடம் குழந்தையின் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு வேறு ஆசை எதுவும் இல்லை.

செவ்வந்தி கீரையை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "இருபதுங்களா?"

"இருபதேதான்."

"எங்க பெரியப்பா ஊட்டுலயே இருபது பேருங்க."

"அப்ப அவங்க ஊட்டுலயே கொண்டாடிக்கட்டும்."

"நல்ல யோசனைங்க. ஒரு வேன் சொல்லிப்போடுங்க, நம்ம எல்லாருமே காங்கேயம் போயிரலாம்."

நான் குளியலறைக்கே திரும்பிப் போனேன். எனக்கு யோசனை வருகிற இடம் அது ஒன்றுதான். வந்தது.

கீழ்வீட்டு பஷீர் பாயிடம் மட்டும் சொன்னேன். விசேஷங்களுக்கு நாற்காலி, பாத்திரம் வாடகைக்கு விடுகிறவர். நம்பிக்கையான மனிதர்.

"எங்க சனத்துல ஒரு முறை இருக்குதுங்க பாய். விசேசத்துக்குப் புருசனும் பொண்டாட்டியும் சோடியாப் போய்க் கூப்பிடோணும். ஆம்பளை மட்டும் ஒத்தையாப் போனா அது அழைப்பே இல்லீங்க. மூஞ்சியத் தூக்கி வெச்சுக்குவாங்க. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அதனாலங்க?"

"நான் ஒத்தையாப் போகப் போறேன்."

பஷீர் பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அம்மணி உடுவாங்களா?"

விட்டாள். அதுதான் எனக்கே ஆச்சரியம்.

"உனக்கெதுக்கு இந்த வெயில்ல அலைச்சல்? நானே போய்க் கூப்பிட்டுட்டு வாரேன்" என்றேன்.

கீரை ஆய்கிற கை நின்றது. "நீங்களேங்களா?"

"நானே."

"ஒத்தையாவுங்களா?"

"ஒத்தையா."

"சரிங்க, போயிட்டு வாங்க" என்றாள். அதோடு என் புதுச்சட்டையைத் தேய்த்தும் கொடுத்தாள். சண்டை போடாத மனைவியைப் பார்த்து நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். சந்தோஷப்பட்டேன்.

காங்கேயத்தில் அவளுடைய பெரியப்பாவுக்கு எண்ணெய் ஆலை. கொப்பரை காய்கிற களத்தில் நின்றிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை. செவ்வந்தி வரலீங்களா?"

"இல்லீங்க மாமா, நான் மட்டுந்தானுங்க."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். அவமானம் தாங்கவில்லை, பாவம். பெரியம்மா விருட்டென்று உள்ளே போய் யாருக்கோ போன் போட்டார். "மாப்பிள்ளை ஒத்தையா வந்திருக்காருங்க" என்று குரல் தழுதழுத்தது. புகார் போகிறது என்று எனக்குப் புரிந்தது. இளநீர் அன்றைக்கு வழக்கத்தைவிட இனிப்பாக இருந்தது.

கருமத்தம்பட்டியில் சித்தப்பா விசைத்தறி ஓட்டுகிறார். தீபாவளிக்குக்கூட மனசில்லாமல்தான் தறியை நிறுத்துவார். நான் ஒற்றையாக உள்ளே நுழைந்ததைப் பார்த்ததும் அத்தனை தறிகளையும் நிறுத்திவிட்டார். அந்த நிசப்தத்தில் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். இவ்வளவு கோபத்தை நானே எதிர்பார்க்கவில்லை. சென்னிமலைச் சொந்தக்காரர்கள் வீட்டிலும் இதே கதைதான். வெற்றிக்களிப்போடு வீடு திரும்பினேன். ஒரு கிலோ கேக்குக்குச் சொல்லிவைத்தேன்.

பிறந்தநாள் சாயங்காலம். பஷீர் பாயின் ஆட்கள் மொட்டை மாடிக்கு நாற்காலிகளை ஏற்றிக்கொண்டே இருந்தார்கள்.

"யாருக்குங்க பாய் இத்தனை சேரு?"

"உங்களுக்குத்தானுங்க. நீங்க காங்கேயம் பஸ் ஏறின அன்னிக்கே அம்மணி சொல்லிப்போட்டாங்க."

"என்ர கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா?"

"நீங்க என்ர கிட்ட யோசனை சொன்னீங்க. அம்மணி ஆர்டர் சொன்னாங்க. நான் கடை வெச்சிருக்கறவனுங்க."

முதல் வேன் வந்து நின்றது. பெரியப்பா இறங்கியதும் என்னைக் கட்டிக்கொண்டார்.

"கல்யாணமானதுல இருந்து செவ்வந்தி இழுத்துட்டு வந்தாத்தான் எங்க ஊட்டுப்படி ஏறுவீங்க. இப்ப நீங்களா, ஒத்தையா, தேடி வந்து கூப்பிட்டீங்க பாருங்க. வராம இருப்பமுங்களா மாப்பிள்ளை?" மறுபடியும் துண்டு கண்ணுக்குப் போனது. அவருக்குப் பின்னால் இரண்டாவது வேன் திரும்பிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துக்காரர்களாம். என்னைப் பார்க்க வேண்டும் என்று வந்தார்களாம்.

நான் செவ்வந்தியைத் தனியே பிடித்தேன். "ஒத்தையாப் போய்க் கூப்பிட்டா வரமாட்டாங்கன்னு சொல்லுவாங்களே?"

"அது மத்தவங்க போனாத்தானுங்க. நான் கூப்பிட்டா எங்க சனம் மட்டுந்தான் வருமுங்க. நீங்களே போனா ஊரே வருமுன்னு எனக்குத் தெரியுமுங்க. சட்டைய எதுக்குத் தேச்சுக் குடுத்தேன்னு நினைச்சீங்க?"

மனசு விட்டுப்போனது. இருந்தாலும் கடைசியாக ஒன்று கேட்டேன். "எத்தனை பேரு வேணும்னாலும் வந்துட்டுப் போகட்டும். கேக் வெட்டறப்ப நான் பாப்பா பக்கத்துல நிக்கோணும், அவ்வளவுதான்."

செவ்வந்திக்கு என்னைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்திருக்கும். "நில்லுங்க, உங்களை உட்டுப்போட்டு வெட்டுவமா? அதுக்குள்ள கீழ போயி இன்னுங் கொஞ்சம் சேர் கொண்டாந்துருங்க. சித்தப்பா நின்னுட்டே இருக்காருங்க."

ஓடினேன். தலையில் நான்கு நாற்காலிகளோடு படியேறினால், வழியெல்லாம் அவளுடைய சொந்தங்கள். ஆளாளுக்கு என்னை நிறுத்தி, நான் தேடிப்போய்க் கூப்பிட்டதைப் புகழ்ந்தார்கள். நானும் நாற்காலிகளோடு சிரித்துக்கொண்டே நின்றேன். மேலே கைதட்டல் கேட்டது.

மாடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மேஜையில் கத்தியும் காலி அட்டையும் இருந்தன. முதுகுகளுக்கு நடுவில் புகுந்து கனிஷ்கா ஓடிவந்தாள். மூக்கில் கிரீம். என்னையும் என் தலையில் இருந்த நாற்காலிகளையும் ஒரு நிமிடம் பார்த்தாள்.

"ஏனுங்கப்பா என்ர பர்த்டேக்கு வரல? உங்களை யாரும் கூப்பிடலீங்களா?"