சங்கரா நூறு கிலோ, சம்மதமா?

கம்ப்யூட்டரில் ஒரு பெட்டிக்குள் எண்ணைப் போடச் சொன்னால், அது நிமிடமா நொடியா என்று பார்த்துப் போடுகிறவன் புத்திசாலி. நான் சட்டென்று போடுகிறவன்.

மீன் ஏற்றுமதி கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த புதிது. கோவளத்தில் வாங்கும் மீனுக்கெல்லாம் தாம்பரம் ஆபீஸில் இருக்கும் மேனேஜர் ஒரு சாஃப்ட்வேரில் ஓகே கொடுக்க வேண்டும். அதுவரை மீன் வண்டியில் ஏறாது. சாஃப்ட்வேரோ ஆமை.

மீன் விற்கும் செல்வியக்கா ஒருநாள் கத்தினார்: "இன்னா சார், உன் மிஷினு இன்னும் தூங்கிகினு கீதா? ஐஸு கரைஞ்சி சங்கரா மீனு கெட்டா யாரு துன்றது, நீயா?"

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. (இன்ஜினியரிங் படித்தவன் அல்லவா!) செட்டிங்ஸைத் திறந்தேன். வேண்டாத பதிவுகளை நிறுத்தினேன். ஒரே நேரத்தில் பார்க்கும் வேலைகளைக் கூட்டினேன். நிஜமாகவே வேகம் பிடித்தது. அதோடு எழுந்து போயிருக்கலாம். 'பதில் வராவிட்டால் மேலிடத்துக்கு அனுப்பு' என்று ஒரு பெட்டி இருந்தது. பதினைந்து என்று போட்டேன், நிமிடம் என்று நினைத்து.

நொடியாம்.

மேனேஜர் கண்ணாடியைத் தேடி மாட்டுவதற்குள் தேங்கிக் கிடந்ததெல்லாம் முதலாளியின் போனுக்குப் போய்விட்டது. அவரோ பீர்க்கன்கரணையில் மகள் நிச்சயதார்த்தத்தில் இருந்தார். அவசரச் செய்தி வந்தால் சத்தமாகப் படித்துக் காட்டும் போன் அது. லக்னப் பத்திரிகை வாசிக்கச் சபையே அமைதியானபோது போன் கேட்டது: "சங்கரா. நூறு கிலோ. சம்மதமா?"

அடுத்த நிமிடம் எனக்கு போன் வந்தது.

"யோவ், என்னய்யா பண்ணித் தொலைச்சே?"

"சார், கொஞ்சம் வேகப்படுத்தினேன் சார்..."

"சம்பந்தி பேரு சங்கரன்யா! ஆளும் அந்த வெயிட்டுதான்!"

வேலை போனால் போகட்டும், ஒரு பெண்ணின் கல்யாணமல்லவா நிற்கப் போகிறது! அப்போது போனுக்குள் ஒரு கனத்த குரல் கேட்டது: "சம்மதம்தான் சம்பந்தி! ஆனா தொண்ணூத்தெட்டு கிலோதான்!" மண்டபமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் தாம்பூலம் மாறியது, செல்வியக்காவின் மீன் வண்டி ஏறியது, என் வேலையும் தப்பியது.

இதையெல்லாம் கல்யாணமான புதிதில் மனைவியிடம் பெருமையாகச் சொல்லித் தொலைத்தேன். போன வாரம், "ஞாயித்துக்கிழமை கோவளம் போலாமாங்க?" என்றாள். நான் பேப்பரில் மூழ்கியிருந்தேன். நிமிர்வதற்குள் போனை வைத்துவிட்டுச் சொன்னாள்:

"உங்ககிட்ட பதில் வரலை, மேலிடத்துக்கு அனுப்பிட்டேன். எங்கம்மா சம்மதம் சொல்லிட்டாங்க. அவங்களும் வர்றாங்களாம்."