தலைவர் ஆரம்பிக்கட்டும்

ஆண்களுக்கான தியானம் முடிந்து லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்குள் நுழைந்தபோது, முதலில் அவருடைய நெஞ்சு நுழைந்தது. ஆள் கொஞ்சம் பின்னால் வந்தார்.

"எல்லாரும் இங்க வாங்க!"

எல்லாரும் என்றால் மனைவியும், பத்தாம் வகுப்புப் படிக்கிற மகளும். மனைவி தையல் மெஷினை நிறுத்தவில்லை. "இங்கதான் இருக்கோம், சொல்லுங்க."

"இன்னையிலேர்ந்து இந்த வீட்டுக்கு ஆன்மிகத் தலைவர் நான்தான். ஃபாதரே பிரசங்கத்துல சொல்லிட்டாரு. கோயிலுக்கு அவர் எப்படியோ, வீட்டுக்கு அப்பா அப்படி. ஏழு மணி ஜெபமாலையை இனிமே நான் நடத்துவேன்."

"சரிங்க."

கல்யாணமான பதினெட்டு வருஷத்தில் அந்த அம்மாள் இவ்வளவு சீக்கிரம் சரி சொன்னதே கிடையாது. விவரமான ஆளாக இருந்தால் அப்போதே உஷாராகியிருப்பார். நம்ம ஆள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

மணி ஏழு அடித்தது. மெழுகுவர்த்தி ஏற்றியாயிற்று. சிலுவை அடையாளம் வரைக்கும் அமர்க்களம். ஜெபமாலையின் முதல் மணியைப் பிடித்து, தொண்டையைச் செருமி, கம்பீரமாக ஆரம்பித்தார்:

"தூய மரியே, இறைவனின் தாயே..."

"அப்பா, அது எங்க பாதி" என்றாள் மகள்.

பாவம், அவர் என்ன செய்வார்? ஜெபமாலையில் நடத்துகிறவர் முதல் பாதியைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் இரண்டாம் பாதியைச் சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷமாக நடத்தியது மனைவி. இவர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொன்னவர். அதுவும் பத்துப் பத்து மணிகளாக வரும் ஐந்து பத்துமணியில் மூன்று வரைக்கும்தான். நாலாவதில் பதில் குறட்டையாக மாறிவிடும். நாக்குக்குப் பழகியது இரண்டாம் பாதி மட்டுமே. முதல் பாதிக்கு அது வளைய மாட்டேன் என்றது.

திருதிருவென்று விழித்தார். மனைவி பவ்யமாகக் கை கூப்பிக் காத்திருந்தாள்.

"தலைவர் ஆரம்பிச்சாதானே நாங்க பதில் சொல்ல முடியும்?"

"தலைவர்னா உத்தரவு போடறவர். ம்... நீ ஆரம்பி!"

அத்தோடு வாயை மூடிக்கொண்டிருந்தால் வம்பே இல்லை. மறுநாள் கோயில் வாசலில் ஃபாதரைப் பார்த்ததும் நாக்கு துடித்தது. "வீட்ல இப்ப நான்தான் ஜெபம் நடத்தறேன் ஃபாதர். புத்தகமே தொடறதில்ல. எல்லாம் மனப்பாடம்!"

"அப்படியா! வர்ற ஞாயிறு பூசைக்கு முன்னாடி மைக்ல நீங்களே ஜெபமாலை நடத்துங்க. தந்தையர் சங்கத்துக்கு ஒரு தலைவர் வேணும், பாத்துக்கிட்டே இருக்கேன்."

பக்கத்தில் நின்ற மூக்குக்கண்ணாடிக் கடைக்காரருக்கு முகம் செத்துப்போனது. அந்தப் பதவிக்காக மூன்று வருஷமாக முதல் பெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பவர் அவர். அந்த முகத்தைப் பார்த்த பிறகு எந்த ஆம்பிளை முடியாது என்பான்?

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. புத்தகத்தோடு போனால் கண்ணாடிக்காரர் சிரிப்பார். மனைவியிடம் கற்றுக்கொள்ளலாமென்றால் தலைவர் பதவி என்னாவது? ஒரு நாள் முழுக்க லிஃப்ட் கூண்டுக்குள் உட்கார்ந்து யோசித்ததில், பளிச்சென்று ஒரு திட்டம் உதித்தது. மகளை ஓரங்கட்டினார்.

"ஜெபமாலையில ஞாயித்துக்கிழமைக்கு எந்தத் தேவரகசியத்தைத் தியானிக்கணும்மா?"

"மகிமை. புதன்கிழமையும் அதேதான். எதுக்குப்பா?"

"சும்மா, பொது அறிவு."

புதன்கிழமை சாயங்காலம் போனைத் தொடைக்கடியில் ஒளித்துவைத்து, மனைவி நடத்திய ஜெபமாலையை அப்படியே பதிவு செய்தார். மறுநாள் வேலையிடத்தில் முதல் இரண்டு நிமிஷம் கேட்டுப் பார்த்தார். கணீரென்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காதில் ஒரு குட்டி இயர்போன், அதை மறைக்கத் தலைமுடியை இழுத்து ஒரு சீவு. அவள் சொல்லச் சொல்ல இவர் மைக்கில் திருப்பிச் சொன்னால் முடிந்தது வேலை.

சும்மா சொல்லக் கூடாது, அமோகமாகப் போனது. காதில் மனைவி, வாயில் இவர், பதில் சொல்ல நானூறு பேர். முதல் பத்துமணியில் ஃபாதர் தலையாட்டினார். மூன்றாவதில் கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நாலாவதைத் தூங்காமல் தாண்டினார், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக. கடைசியில் வரும் மாதா மன்றாட்டு மாலையையும் ஒரு வரி பிசகாமல் முடித்தபோது அவருக்குத் தலைகால் புரியவில்லை. பெண்கள் பக்கம் ஒரு பார்வை விட்டார். மனைவி முக்காடு போட்டுக் கண்ணை மூடிப் பக்திப் பழமாக உட்கார்ந்திருந்தாள்.

காதில் குரல் நிற்கவில்லை. அதே ராகம், அதே பக்தி. இவரும் விடாமல் முழங்கினார்:

"ஆண்டவரே, குடும்பத் தலைவனாகிய நான்... இன்று முதல்... என் இல்லத்தில் உண்டு முடித்த பாத்திரங்களை எல்லாம்... நானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பேன் என்று... இந்தச் சபையின் முன் வாக்களிக்கிறேன்."

"கவிழ்த்து" வந்தபோதுதான் மூளைக்கு உறைத்தது. ஆனால் நாக்கு அதற்குள் "வாக்களிக்கிறேன்" வரைக்கும் ஓடிவிட்டது. லிஃப்ட்டில் சிவப்புப் பொத்தான் இருக்கிறது. நாக்கில் இல்லை.

"ஆமென்!"

ஆண்கள் பக்கம் முணுமுணுப்பு. பெண்கள் பக்கம் கூரை அதிர்ந்தது.

ஃபாதர் எழுந்து வந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். "இதுதாங்க தலைமை! சேவை செய்யறவன்தான் தலைவன். தந்தையர் சங்கத் தலைவர் இவரே!" கைதட்டல் ஓய்வதற்குள் நாலைந்து மனைவிமார் தத்தம் கணவன்மார் பக்கம் மெல்லத் திரும்பினார்கள். வெளியே வந்ததும் கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு கை குலுக்கினார். "நல்லாயிருப்பா. எங்க வீட்லயும் ஆரம்பிச்சிட்டா. இந்தப் பதவியை நீயே வச்சுக்க."

மதியச் சாப்பாடு முடிந்தது. சமையலறைத் தொட்டியில் பாத்திரம் மலையாகக் குவிந்திருந்தது. தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு எப்படிடீ தெரிஞ்சுது?"

"தேவரகசியத்தைப் பத்திப் பொது அறிவு கேட்டீங்களாமே, மக சொன்னா. சாயங்காலம் பாத்தா உங்க தொடைக்கடியில வெளிச்சம் எரியுது."

"நான் அன்னிக்கு இதையெல்லாம் கேக்கவே இல்லையே!"

"எப்படிக் கேப்பீங்க? நாலாவது பத்துமணியிலேயே குறட்டை."

அவமானம் பொங்கிக்கொண்டு வந்தது. "ஏன்டி, இதுக்குக் கோயில்தான் கெடைச்சுதா? வீட்லயே என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

"கேட்டேனே. பதினெட்டு வருஷமா கேட்டேன். இதுக்கும் அதே குறட்டைதான் பதில்."

அவருக்குச் சுருக்கென்றது. அடிப்பிடித்த குக்கரைத் தூக்கி அவர் கையில் வைத்தாள். பிறகு மகளையும் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு, பவ்யமாகக் கை கூப்பினாள்.

"தலைவர் ஆரம்பிக்கட்டும்."